மே மாதத்துப் பாலைவனம்

பிப்ரவரி 11, ஞாயிறு

நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், எட்டாம் வகுப்பு பி பிரிவில், கடைசி பெஞ்சு வெள்ளைப்பாண்டி எழுந்து நின்று கேட்டான்: "சார், நீங்க பாலைவனத்தப் பாத்திருக்கீங்களா?"

அப்போதுதான் கரும்பலகையில் தார் பாலைவனத்தை வரைந்து முடித்து, விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

"எப்ப சார்?"

"போன மே லீவுல."

மணி அடித்துவிட்டது. பையன்கள் ஓடிவிட்டார்கள். அந்த "ம்" மட்டும் ஓடவில்லை. ஆலம்விதையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடுகைவிடச் சிறியது, சுவரில் விழுந்தால் வீட்டையே பிளந்துவிடும். அடுத்த தை மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில், பேச்சுக்கு இடையே, ஜெய்சால்மர் போய்வந்ததைச் சொன்னேன். ஒட்டகம் அன்றைக்குத்தான் கதைக்குள் வந்தது.

கதைக்குள் என்றா எழுதினேன்? பேச்சுக்குள்.

இதையெல்லாம் இன்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி உலகம்மாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டாள். தபால் ஆபீசில் நாற்பது வருடம் வேலை பார்த்து, போன வருடம் சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவள். அவள் பேச்சே சுற்றறிக்கை மாதிரிதான் இருக்கும்.

"ஊர் ஊராப் போற காயிதத்துக்கெல்லாம் முத்திர குத்திட்டு, நான் எங்க போயிருக்கேன்? குத்தாலம், திருச்செந்தூரு, கன்னியாகுமரி. இந்த வருசம் ஜெய்சால்மர் போறோம். அந்தப் பாலைவன தேசியப் பூங்காவுல ரெண்டு நாளு நடக்கணும். ஒரு நாளு கோட்டையப் பாக்கணும். உங்களுக்குத்தான் தெரிஞ்ச எடமாச்சே. திட்டம் நீங்க போடுங்க."

போடுகிறேன் என்றேன். போடத்தானே வேண்டும்.

பிப்ரவரி 14, புதன்

திட்டம் தயார். பழைய பழக்கம், பாடக்குறிப்பு மாதிரியே எழுதிவிட்டேன். நோக்கம்: வறண்ட நிலத்தை நேரில் அறிதல். துணைக்கருவிகள்: தொப்பி, தண்ணீர்ப் புட்டி, முழங்கால் பட்டை. செயல்பாடு: மணற்குன்று ஏறுதல், பறவை பார்த்தல், கல்லாகிப்போன மரங்களைப் பார்த்தல். கடைசியில் மதிப்பீடு.

உலகம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்தாள். "மதிப்பீடுன்னா யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?"

"சும்மா ஒரு முறைக்காக."

"நாளு என்னைக்கு?"

"மே ஆறாம் தேதி கிளம்புதோம்."

அவள் தாளை இரண்டாக மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

பிப்ரவரி 19, திங்கள்

நடைப் பயிற்சி ஆரம்பம். வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி அவள் ஐந்து சுற்று நடந்தாள். நான் இரண்டு. மூன்றாவது சுற்றில் வாசலோரம் இருந்த வேப்பமரத்தை நின்று கவனிக்க வேண்டியிருந்தது. பூ விட ஆரம்பித்திருக்கிறது.

"மரம் நல்லாருக்கா?" என்றாள் ஐந்தாவது சுற்றில் என்னைக் கடக்கும்போது. அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் திடீரென்று கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு நீங்க ஏறுன ஒட்டகத்துக்கு என்ன பேரு? மோத்தியா, ராஜாவா?"

"மோத்தி."

"நம்ம செண்பகம் சின்னப் பிள்ளையா இருக்கையில ராஜான்னு சொன்னீயளே."

"ரெண்டு ஒட்டகம்" என்றேன்.

"ஓ. போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணா?"

"ஆமா."

"வசதிதான்" என்றாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

போகும்போது மோத்தி. வரும்போது ராஜா. மறக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மகள் செண்பகம் பூனாவிலிருந்து நாலைந்து வீடியோ அனுப்பியிருந்தாள். உலகம்மாள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்பு பார்த்ததற்கும் இப்போதைக்கும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

நிறைய மாறியிருக்கிறது.

உதாரணமாக, அந்தப் பூங்காவில் மணற்குன்று ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாதாம். மீதியெல்லாம் கல்லும் கரடும் புதரும் புல்வெளியும். புல்வெளி! அந்தப் புல்லில்தான் கானமயில் நடக்கிறது. ஆளுயரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் பறவை, ஊருக்குள் ஏதோ விசாரிக்க வந்த தாசில்தார் மாதிரி நிமிர்ந்து நடக்கிறது. ஆடு மேய்க்கிறார்கள். கிராமங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம்கூட இருக்கிறது. அங்கே ஒரு பூகோள வாத்தியாரும் இருப்பார். வெள்ளைப்பாண்டி அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

முப்பத்து மூன்று வருடம் நான் பாடம் எடுத்த பாலைவனத்தில் மணலைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. சொந்த அனுபவம் என்று வேறு சொல்லி எடுத்தேன்.

முழங்கால் லேசாக வலிக்கிறது. பயணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். முன்பு கேட்டபோதெல்லாம் அவள் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 28, புதன்

கேட்டேன். இந்த முறை ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

செண்பகம் ஜெய்சால்மர் பக்கம் கூடாரங்கள் வைத்து நடத்தும் ஒருவரின் எண்ணைப் பிடித்துக் கொடுத்து, தானும் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொண்டாள். ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். நான் என் ஆங்கிலத்தில், மே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இரண்டு பேருக்குக் கூடாரம் வேண்டும் என்றேன்.

கூடாரக்காரர் தேதியை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு மனிதர் மிகவும் மரியாதையாகக் கேட்டார், சார் சொல்வது மே மாதமா என்று. ஆமாம் என்றேன். மேயில் நாங்களே இங்கு இருக்க மாட்டோம் சார், கூடாரத்தைச் சுருட்டி வைத்துவிடுவோம், ஒட்டகமே நிழல் தேடிப் படுத்திருக்கும் என்றார். அக்டோபருக்கு மேல் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

செண்பகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, நீங்க பூகோள சார்! மே மாசம் அங்க எத்தன டிகிரின்னு எங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்கீங்க. நாப்பத்தெட்டுன்னு நோட்டுல எழுதி அடிக்கோடு வேற போடச் சொன்னீங்க!" அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "ஆமா, நீங்க போனதும் மே மாசந்தானே?"

"அப்ப அவ்வளவு வெயில் இல்ல" என்றேன்.

நான், ஒரு பூகோள ஆசிரியர், இதைச் சொன்னேன்.

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, எரியாத அடுப்பை அணைக்க அடுப்படிக்குப் போனாள்.

ஏன் மே என்று உட்கார்ந்து யோசித்தேன். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வாத்தியார்களுக்கு வருடத்தில் பதினொரு மாதம் பள்ளிக்கூடம், ஒரு மாதம் ஊர். ஊட்டி என்றாலும் மே, கல்யாணம் என்றாலும் மே, கண் ஆபரேஷன் என்றாலும் மே. பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகும் ஊருக்குப் போவது என்றால் என் கை தானாகவே மே என்று எழுதுகிறது. வெள்ளைப்பாண்டிக்குச் சொன்னபோதும் அப்படித்தான் வந்தது. போகாத ஊருக்குக்கூட விடுமுறை நாளில்தான் போயிருக்கிறேன்.

எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

மார்ச் 4, திங்கள்

அவளிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 6, புதன்

சொல்லவில்லை. அவளுக்குத் தலைவலி போலிருந்தது.

மார்ச் 7, வியாழன்

தலைவலி இல்லையாம்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உலகு, நான் ஜெய்சால்மர் போனதில்ல."

"கொத்தவரங்காய முத்தலாப் பாத்து வாங்கிட்டு வந்திருக்கீய" என்றாள்.

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அது எனக்கு எண்பத்தொம்பதுலயே தெரியும்."

எப்படி என்று கேட்டேன். செண்பகம் பிறந்த மூன்றாம் நாள் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா தைரியம் சொன்னாளாம்: இவ அப்பனும் எண்பத்தாறுல மே மாசம் பூரா காமாலையில கெடந்தான், கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தே எழுப்பினேன் என்று. நான் பாலைவனத்தில் இருந்ததாகச் சொன்ன அதே மே. என் அம்மாவுக்கு எப்போதும் தேதி சுத்தம்.

"அப்பவே கேட்டிருக்கலாம்லா" என்றேன்.

"கேட்டிருக்கலாம். நீங்களாச் சொல்லுவீயன்னு பாத்தேன். பொண்ணு பாக்க வாற எடத்துல எல்லா ஆம்பளையும் ஏதாவது ஒண்ண அளந்து விடத்தான் செய்யும். எங்க அக்கா வீட்டுக்காரர் கராத்தே தெரியும்னாரு. அதையெல்லாம் யாரு கணக்குல எடுப்பா? நல்லாவும் இருந்துச்சு. ஒட்டகம் திரும்பிப் பாத்துச் சிரிச்சுச்சுன்னு சொன்னீயளே, அத நெனச்சு நெனச்சுத்தான் நான் சரின்னு சொன்னேன்."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்குள் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆனா நான் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேம்லா? எங்க ஆபீஸ்ல சும்மாவா குடுத்தான், எல்.டி.சி.? இந்தியாவுல எங்க வேணும்னாலும் குடும்பத்தோட போயிட்டு வாங்கன்னு குடுத்தான். தொண்ணூத்தி நாலுல கேட்டேன். அங்க தண்ணி சேராதுன்னீய. ரெண்டாயிரத்து ரெண்டுல கேட்டேன். பிள்ளைக்குப் படிப்புன்னீய, அவ அப்ப ஏழாங்கிளாஸு. ரெண்டாயிரத்துப் பத்துல கேட்டேன். முழங்கால்னீய. மூணு வாட்டியும் கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போனீய. எல்.டி.சி. போட்டுட்டுப் பாளையங்கோட்டையில இருந்து கன்னியாகுமரி போனவ இந்த டிவிஷன்லயே நான் ஒருத்திதான். கவுண்டர்ல உக்காந்து சிரிச்சாளுவோ."

நான் கொத்தவரங்காய்க் காம்புகளை ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்தேன்.

"இல்லாத ஒரு ஒட்டகத்துக்காக முப்பது வருசம் என்ன வீட்டுல கெட்டிப் போட்டுட்டீய" என்றாள்.

அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. கொத்தவரங்காயை மட்டும் வழக்கத்தைவிட மிகப் பொடியாக நறுக்கினாள்.

மார்ச் 12, செவ்வாய்

பேசவில்லை. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 14, வியாழன்

பேசினாள். கேஸ்காரன் வந்தால் கதவைத் திறங்க என்று.

மார்ச் 17, ஞாயிறு

ஃபிரிட்ஜ் மேல் இருந்த என் திட்டத்தை எடுத்து, பின்பக்கம் அவளே புதிதாக எழுதியிருக்கிறாள். ஜனவரி மாதம். மூன்று நாள். முதல் நாள் கோட்டை. இரண்டாம் நாள் காலை ஆறு மைல் நடை, சாயங்காலம் கல்மரங்கள். மூன்றாம் நாள் மணற்குன்று. வனத்துறை அனுமதிக்கு எத்தனை நாள் முன்பு எழுத வேண்டும், என்னென்ன அடையாள அட்டை என்று எல்லாம் இருக்கிறது. பாடக்குறிப்பைவிட நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

கீழே பயணிகள் என்று போட்டு இரண்டு பெயர்: உலகம்மாள், செண்பகம்.

"நீங்க வீட்டப் பாத்துக்கிடுங்க" என்றாள். "செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

எங்கள் வீட்டில் நாலு தொட்டிதான்.

ஜூன் 9, ஞாயிறு

அவள் இப்போது எட்டுச் சுற்று நடக்கிறாள். நான் நாலு. வேப்பமரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அவளுக்கு நடக்கும் ஷூ வாங்கப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, சாருக்கு? என்றார். "அவரு வரல" என்றாள். நான் ஷூ நாடாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். விதவிதமான நிறங்களில் வருகின்றன.

ஜூலை 21, ஞாயிறு

அவள் வனத்துறைக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொன்னாள். பிழை இல்லை. ஒரு கமாவாவது கிடைக்குமா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

என்னிடம் படித்த பையன்களில் சிலர் பரீட்சையில் தோற்றால் வீட்டில் சொல்ல மாட்டார்கள். மறைத்த மார்க் அட்டையைவிட, மறைப்பதற்காகச் செய்த மற்ற காரியங்கள்தான் பெரிதாகிவிடும். கையெழுத்துப் போலி, பொய் டியூஷன், சைக்கிளை விற்றது. அவர்களைக் கூப்பிட்டு நிறையப் புத்தி சொல்லியிருக்கிறேன். நன்றாகவே சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காபி குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "உலகு, நானும் வரட்டுமா?"

அவள் தினசரியைத் தாழ்த்தினாள். இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை போலிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

"எழுதிக் குடுங்க" என்றாள்.

"என்னத்த?"

"லீவு லெட்டர் எழுதுவீயள்லா, அந்த மாதிரி. காரணம் சரியா இருக்கணும். எனக்கு நாப்பது வருச சர்வீஸு. போலிக் காரணம்னா வாசனையிலேயே தெரிஞ்சிரும்."

ஐந்து தாள் வீணாயிற்று. முதல் தாளில் என் முழங்கால் தேறிவிட்டது என்று எழுதினேன். கிழித்தேன். இரண்டாவதில் இரண்டு பெண்கள் தனியாகப் போவது பற்றி எழுதினேன். அதைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, அவள் பார்க்காத இடத்தில் போட்டேன். கடைசித் தாளில் இவ்வளவுதான் இருந்தது:

"பெறுநர்: திருமதி உலகம்மாள். பொருள்: உடன்வர அனுமதி கோரல். காரணம்: அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. உன்னையும் பார்க்கவிடவில்லை. நீ பார்க்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்."

கையெழுத்தை இரண்டு முறை போட வேண்டியிருந்தது. பேனா சரியில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பதில் இல்லை. பரிசீலனையில் இருக்கிறதாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில்: "அனுமதிக்கப்பட்டது. ஒட்டகம் பற்றிப் பேசக் கூடாது."

ஒன்பது நாள் ஆக்கிவிட்டாய் என்றேன். உள்ளூர்த் தபாலுக்கு அவ்வளவு ஆகும் என்றாள்.

ஜனவரி 16, வியாழன்

ரயில். இரண்டாம் நாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தீர்ந்துவிட்டது. எதிர் இருக்கைக்காரர் சப்பாத்தி கொடுத்தார். உலகம்மாள் ஜன்னலோரம். இருட்டும்வரை அந்த இடத்தை யாருக்கும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஏழரை மணி. ஸ்வெட்டர், மேலே சால்வை, அதற்கும் மேலே செண்பகத்தின் மழைக்கோட்டு. அப்படியும் எனக்குப் பல் தந்தியடித்தது. பாலைவனத்தில் குளிருக்கு நடுங்குவது பற்றி நானே பாடம் எடுத்திருக்கிறேன். எடுத்தது வேறு, நடுங்குவது வேறு.

வழிகாட்டி பன்னாராம் முன்னால் போனார். செண்பகம் அவரோடு ஹிந்தியில் பேசிக்கொண்டே நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால். வானம் தரைவரை இறங்கி வந்திருந்தது. சுற்றிலும் வெளிறிய புல், கல், அங்கங்கே முள்புதர். தூரத்தில் நாலைந்து மான்கள் தலைதூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பது போல மறுபடி மேய ஆரம்பித்தன. உலகம்மாள் நின்றுவிட்டாள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அப்படி நிற்பதை ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய இடத்தில் பார்த்ததில்லை.

 பிறகு காலடியில் கிடந்த முள்செடி ஒன்றைக் காட்டினாள்.

"ஏங்க, இது என்ன செடி?"

வாயில் ஒரு பெயர் வந்தது. இந்தச் செடியின் பெயர் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பாடப்புத்தகத்தில் எங்கோ இருந்த பெயர். சொன்னால் பொருந்தியிருக்கும்.

"தெரியாது" என்றேன்.

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னீய?"

"தெரியாதுன்னேன்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, வானத்தில் வட்டமிட்ட ஒரு பறவையைக் காட்டினாள். "அது?"

"தெரியாது."

"இந்தக் கல்லு ஏன் செவப்பா இருக்கு?"

"தெரியாது."

"அந்தப் பக்கம் தெரியுதே, அது என்ன ஊரு?"

"தெரியாது."

முன்னால் போன செண்பகம் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் வேகம் பிடித்துவிட்டது. அவள் கேட்கக் கேட்க, யோசிக்காமல், தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டேன். பாதையோரம் இருந்த இன்னொரு செடியைக் காட்டி, "இது?" என்றாள்.

"தெரியாது."

"இது எருக்கு" என்றாள். "நம்ம வீட்டுக்குப் பின்னாலயே நிக்கி."

குனிந்து பார்த்தேன். எருக்குதான். நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்திலேயே நின்று, ஸ்வெட்டருக்குள் வேர்க்கும்வரை சிரித்தோம். பன்னாராம் ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேடு வந்த இடத்தில் என்னை இழுத்தாள், பள்ளம் வந்த இடத்தில் நான் தாங்கினேன். ஆறு மைலையும் நடந்து முடித்தோம்.

யாராவது இதை வாசித்தால், அவர்களுக்கு ஒரு சிறிய வீட்டுப்பாடம். இன்று உங்களிடம் யாராவது உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள்.